வீட்டுக்கே வந்து செய்யற மறுவாழ்வு சேவை, பண்ருட்டி பக்கம்: ரெண்டு வருஷ அனுபவம், 5க்கு 3.5

மொதல்லயே சொல்லிடறேன், இத நடத்துறவங்க பேரு போட மாட்டேன். நல்லதும் சொல்லப் போறேன், கொறையும் சொல்லப் போறேன், கொறைக்கு காரணம் வீட்டுக்கு வர்ற களப்பணியாளர் அக்கா கிடையாது, ஆனா பேரு போட்டா மொதல்ல திட்டு வாங்கறது அவங்களாத்தான் இருக்கும். கடலூர் மாவட்டத்துல சமுதாய மறுவாழ்வு, சிபிஆர்னு சொல்லி மாற்றுத்திறனாளிங்க வீட்டுக்கு ஊர் ஊரா ஆள் அனுப்பற ஒரு சின்ன தொண்டு நிறுவனம், அவ்ளோ தெரிஞ்சா போதும்.

எங்க ஊரு காடாம்புலியூர் தாண்டி உள்ள. செம்மண்ணு, பலா, முந்திரி, வேற ஒண்ணும் கிடையாது. எங்க அண்ணன் பலா மரம் ஏறி காய் எறக்கறவரு. 2011 கடைசில தானே புயல் அடிச்சு எங்க பக்கம் பாதி மரம் சாஞ்சு போச்சு, நின்னது எல்லாம் நல்லா வேர் விட்ட பழைய மரம், அதெல்லாம் ஒசரம். அந்த மாதிரி ஒரு மரத்துலேர்ந்து தான் 2022 வைகாசில விழுந்தாரு. சீசன் உச்சம், காலைல நாலாவது மரம், கயிறு கட்டின காய எறக்கிட்டு கால மாத்தி வைக்கும்போது வழுக்கிடுச்சு. முதுகுத்தண்டுல டி12 எலும்பு நொறுங்கிப்போச்சு. ஜிப்மர்ல ஆபரேஷன் பண்ணி ராடு வச்சாங்க, உசுரு பொழச்சாரு, இடுப்புக்கு கீழ உணர்ச்சி இல்ல.

டிஸ்சார்ஜ் பண்ணும்போது நர்ஸ் எல்லாத்தையும் சொன்னாங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ பொரட்டிப் படுக்க வைக்கணும், தண்ணி நெறைய குடுக்கணும், தோல பாக்கணும்னு. எங்களுக்கு மண்டைல ஏறல. அந்த நேரத்துல எங்க எல்லாருக்கும் ஒரே கேள்வி தான், எப்ப நடப்பாரு. வீட்டுக்கு வந்ததும் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, புத்தூர் கட்டுன்னாங்க, எண்ணெய்ன்னாங்க, அம்மா திருவதிகை கோயிலுக்கு வேண்டிக்கிச்சு, நான் டவுன்லேர்ந்து ஒரு பிசியோவ கூப்ட்டேன், எங்க ஊருக்கு வரணும்னா ஒரு தடவைக்கு 600 ரூபான்னாரு, பத்து நாள் வந்தாரு, அப்புறம் எங்ககிட்ட காசு இல்ல. இதுக்கு நடுவுல புட்டத்துல புண்ணு வந்துடுச்சு. லாரி டியூப்ல காத்தடிச்சு வளையம் மாதிரி போட்டு உக்கார வச்சா நல்லதுன்னு யாரோ சொன்னாங்க, அதையும் செஞ்சோம், அது தப்புன்னு அப்புறம் தான் தெரிஞ்சது, வளையம் அழுத்துற எடத்துல ரத்த ஓட்டம் நின்னு புண்ணு இன்னும் பெருசாகுமாம்.

இப்டியே எட்டு மாசம் ஓடுச்சு. 2023 மாசில ஒரு நாள் ஸ்கூட்டில ஒரு அக்கா வந்தாங்க, கைல ஒரு ஃபைலு, தோள்ல ஒரு பையி. இந்த ஊர்ல நடக்க முடியாதவங்க யாரு இருக்காங்கன்னு அங்கன்வாடில விசாரிச்சுட்டு வந்ததா சொன்னாங்க. அம்மாவுக்கு ஏதோ சர்வே எடுக்க வந்தவங்கன்னு நெனப்பு. அவங்க வந்து காலயே தொடல. அண்ணன் எங்க படுக்கறாரு, எங்க குளிக்கறாரு, வெளிக்கி எப்டி போறாரு, கடைசியா வாசப்படிய எப்ப தாண்டினாரு, இதத்தான் கேட்டாங்க. கடைசி கேள்விக்கு எங்க யாருக்கும் பதில் தெரியல. அண்ணனே தான் சொன்னாரு, தீபாவளிக்கு முன்னாடின்னு.

நீங்க இந்த மாதிரி சேவைய கூப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கணும், வர்றவங்க டாக்டரும் கிடையாது பிசியோவும் கிடையாது. கொஞ்ச மாசம் ட்ரெயினிங் எடுத்த களப்பணியாளர். எனக்கு மொதல்ல அது கோவம், ஏழைன்னா அரகொற ஆள அனுப்பறாங்க பாருன்னு. அப்புறம் படிச்சு பாத்தேன். 1978ல அல்மா ஆட்டாங்கற ஊர்ல எல்லா நாடும் கூடி ஆரம்ப சுகாதாரம் பத்தி பேசினதுக்கு அப்புறம் உலக சுகாதார நிறுவனம் ஆரம்பிச்ச யோசனை இது. பெரிய ஆஸ்பத்திரி இல்லாத ஊர்ல, வீட்டு ஆளுங்களுக்கும் ஊர் ஆளுங்களுக்கும் வேலைய சொல்லிக் குடுத்துடு, தேவைப்பட்டா பெரிய எடத்துக்கு அனுப்பு. 2010ல ஒரு வழிகாட்டி போட்டாங்க, அதுல அஞ்சு கட்டம், உடம்பு, படிப்பு, பொழப்பு, ஊரோட கலந்து இருக்கறது, தனக்காக தானே பேசறது. அக்கா பையில அத தமிழ்ல போட்ட மடிச்ச சார்ட்டு ஒண்ணு இருக்கும், டீ கறை பட்டு பாதி எழுத்து அழிஞ்சிருக்கும். அத விரிச்சு வச்சு அண்ணன்கிட்ட கேட்டாங்க, இதுல எத மொதல்ல ஆரம்பிக்கலாம்ணான்னு. அண்ணன் சொன்னது ஒண்ணே ஒண்ணு, கக்கூஸு.

எங்க வீட்டு கக்கூஸ் கதவு ரெண்டடி. வீல் சேர் 25 இன்ச்சு. ஒரு இன்ச்சுக்காக எட்டு மாசமா அண்ணி பெட்லயே எல்லாம் பாத்துட்டு இருந்தாங்க. கதவ எடுத்துட்டு நிலையப் பேத்து அகலப்படுத்தி வெளிப்பக்கமா தொறக்கற மாதிரி வச்சோம், பிளாஸ்டிக் சேர்ல ஓட்டை போட்டு பேசின் மேல வச்சோம், செவுத்துல ஜிஐ பைப்பு ஒண்ணு. மொத்தமே மூவாயிரம் சொச்சம். அந்த 600 ரூபா பிசியோவுக்கு பத்து நாளைக்கு குடுத்தத விட பாதி தான் இது.

சாய்தளம் கதை தனி. எங்க திண்ணை ஒன்றரை அடி ஒசரம். அக்கா சொன்னாங்க ஒரு அடி ஒசரத்துக்கு பன்னெண்டு அடி நீளம் வேணும், அப்போ பதினெட்டு அடின்னு. கொத்தனாரு எங்க மாமா தான், அவரு சிரிச்சாரு, பதினெட்டு அடி போட்டா ரோட்டுக்கு போயிடும்மான்னு சொல்லிட்டு ஆறு அடில வழிச்சு வுட்டுட்டாரு. அக்கா மறுவாரம் வந்து பாத்துட்டு ஒண்ணும் சண்டை போடல, மாமாவ வீல் சேர்ல உக்கார சொல்லி நீங்களே எறங்குங்கன்னாங்க. பாதில வண்டி அவர இழுத்துட்டு போயி கோழிக் கூண்டுல நின்னுச்சு. அன்னிக்கே ஒடச்சு, செவுத்த ஒட்டி திருப்பி எல் மாதிரி ரெண்டு பக்கமா போட்டுக் குடுத்தாரு, கூலி வாங்கல.

வீல் சேர்லேர்ந்து பெட்டுக்கு மாற ஒரு வழவழப்பான பலகை வேணும், அதுல தான் நழுவி நழுவி போகணும். ஆசாரி பலாப் பலகை இருக்கு போடட்டுமான்னாரு. அம்மா அந்த மரம் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னுடுச்சு. வேப்பம்பலகைல தான் செஞ்சோம்.

உடம்பு விஷயத்துல அக்கா எல்ல தாண்ட மாட்டாங்க, இது எனக்கு ரொம்ப பிடிச்சது. புண்ண பாத்தவுடனே இது நான் பாக்கற விஷயம் இல்லன்னு சொல்லிட்டாங்க. மக்களைத் தேடி மருத்துவம் 2021லயே வந்துடுச்சு, வீட்டுக்கே நர்ஸும் பிசியோவும் வருவாங்கன்னு எங்களுக்கு தெரியவே தெரியாது, நாங்க அது சுகர் பிரஷர் மாத்திரை குடுக்கறதுன்னு மட்டும் நெனச்சோம். அக்கா தான் ஆரம்ப சுகாதார நிலையத்துல பேசி ஏற்பாடு பண்ணாங்க, டிரெஸ்ஸிங் பண்ண ஆள் வந்தது. யூரின் டியூப் நெரந்தரமா போட்டே இருந்ததால அடிக்கடி காய்ச்சல் வரும். அதுக்கு ஆஸ்பத்திரிக்கு கூட வந்து, நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒரு தடவ தானே டியூப் வுட்டு எடுத்துக்கற முறைய நர்ஸ்கிட்ட கத்துக்க வச்சாங்க. அண்ணன் மொதல்ல அழுதுட்டாரு. ஒரு மாசத்துல பழகிட்டாரு. இப்ப கைக்கண்ணாடி ஒண்ணு வச்சுக்கிட்டு தெனம் ராத்திரி தன் புட்டத்த தானே பாத்துக்கறாரு செவப்பு விழுந்திருக்கான்னு, சேர்ல இருக்கும்போது கால் மணிக்கு ஒரு தடவ கைய ஊனி எழும்பறாரு. அது கூட பாக்க ஏதோ வேண்டுதல் மாதிரி இருக்கும், தெரியாதவங்க ஏன் இவரு எக்கறாருன்னு கேப்பாங்க.

கார்டு விஷயம். மத்திய அரசோட மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, யூடிஐடி, அத எடுக்கவே அண்ணன் ஒத்துக்கல. 2016 சட்டத்துல 21 வகை ஊனம் இருக்கு, 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா சலுகை எல்லாம் கெடைக்கும்னு நான் நெட்ல படிச்சுட்டு போயி சொன்னா, கார்டு வாங்கினா அவ்ளோதான் முடிஞ்சுதுன்னு எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்டா தம்பின்னாரு. நான் என்னா சொல்றது. அக்காவும் வற்புறுத்தல. ஒரு மாசம் கழிச்சு நெய்வேலி பக்கத்துலேர்ந்து ஒருத்தர கூட்டிட்டு வந்தாங்க, கூட்டிட்டு வந்தாங்கன்னு சொல்றதே தப்பு, அவரு பக்கத்துல சக்கரம் வச்ச ஸ்கூட்டர தானே ஓட்டிட்டு வந்தாரு. கெணத்துல விழுந்தவரு, பதினோரு வருஷம் ஆச்சு, அதே மாதிரி முதுகு. ரெண்டு பேரும் கதவ சாத்திக்கிட்டு ஒரு மணி நேரம் பேசினாங்க. என்னா பேசினாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, அண்ணிக்கு கொஞ்சம் தெரியும்னு நெனைக்கறேன். அவரு போனதும் அண்ணன் ஆதார் ஜெராக்ஸ் எடுத்துட்டு வாடான்னாரு.

அட்டை வந்ததும் பராமரிப்பு உதவித்தொகைக்கு எழுதிப் போட்டோம், 2023 ஜனவரிலேர்ந்து தான் மாசம் 1500ங்கறத 2000 ஆக்கியிருந்தாங்க. வர ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு, ஆனா வருது. டவுன் பஸ்ஸுல அவருக்கும் கூட போற ஒருத்தருக்கும் டிக்கெட் கிடையாது, நல்ல விஷயம், ஆனா அந்த மூணு படிய எப்டி ஏர்றதுன்னு யாரும் சொல்லல, எங்க ரூட்டுல தாழ்தளப் பஸ்ஸும் கிடையாது. ஆக நாங்க ஆட்டோ தான்.

இப்ப கொறைங்க.

மொத கொறை, வீல் சேர். ஒரு முகாம்ல குடுத்தாங்க (அது வேற ஒரு அமைப்பு, இவங்க ஆள மட்டும் அனுப்பி வச்சாங்க). அளவெல்லாம் எடுக்கல, எல்லாருக்கும் ஒரே சைஸு. அண்ணன் எளைச்சுப் போன ஆளு, உள்ள அவரும் ஒரு தலகாணியும் உக்காரலாம். கை வைக்கற கம்பி கழட்ட முடியாத மாடல், அப்புறம் பக்கவாட்டுல நழுவி பெட்டுக்கு எப்டி மாறுவாரு? இதுல சிறப்பு விருந்தினர் வர்ற வரைக்கும் மூணு மணி நேரம் வெயில்ல உக்கார வச்சு, ஏற்கெனவே சேர்ல வந்தவர எறக்கி, புது சேர்ல உக்கார வச்சு போட்டோ எடுத்தாங்க. வீட்டுக்கு வந்து பாத்தா ஆறிட்டிருந்த புண்ணு ஓரத்துல செவந்து கெடந்தது. சரியான அளவுல கம்பி கழட்டற மாதிரி சேர் வர மறுபடி ஏழு மாசம்.

ரெண்டாவது கொறை தான் பெருசு. 2024 பங்குனியோட ப்ராஜெக்ட் முடிஞ்சுதாம். ஒரு நாள் அக்கா ஃபோன் பண்ணி நான் இனிமே வர மாட்டேன், அடுத்த நிதி வந்தா வேற யாராவது வருவாங்கன்னாங்க, குரலே சரியில்ல, அவங்களுக்கும் வேல போச்சு. அஞ்சு மாசம் ஒருத்தரும் வரல. எங்களுக்கு பழக்கம் ஆகியிருந்ததால பெருசா விழல, ஆனா அக்கா பாத்துக்கிட்ட இன்னொரு வீடு, நாலு வயசு கொழந்த, மூளை வாதம், அந்த அம்மாவுக்கு அப்பத்தான் கொழந்தைய எப்டி உக்கார வச்சு சோறு ஊட்டணும்னே சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சிருந்தாங்க. அந்தக் கொழந்த மறுபடி படுத்துக்கிட்டே சாப்டற மாதிரி ஆயிடுச்சு, பொரை ஏறி ரெண்டு தடவ ஆஸ்பத்திரி. நிதி முடியற தேதி இவங்களுக்கு முன்னாடியே தெரியாதா? ஆறு மாசம் முன்ன சொல்லியிருந்தா ஊர்ல ஒரு பொண்ண பழக்கி வச்சிருக்கலாம். சமுதாயம் சமுதாயம்னு பேர்ல மட்டும் வச்சா எப்டி. ஒன்றரை ஸ்டார் கொறைச்சது இதுக்கும் அந்த முகாமுக்கும் தான்.

ஆவணில புது தம்பி ஒருத்தரு வந்தாரு. நல்ல பையன், ஆனா மொத நாளே வாசல்ல நின்னு அக்கம்பக்கம் கேக்கற மாதிரி யூரின் எப்டி எடுக்கறீங்கண்ணான்னு கேட்டுட்டாரு. அண்ணன் ரெண்டு வாரம் அவர்கிட்ட பேசல. இப்ப சரியாயிட்டாங்க.

இன்னொண்ணு, அண்ணிய பத்தி யாரும் கேக்கல. ரெண்டு வருஷமா தூக்கித் தூக்கி அவங்களுக்கு இடுப்பு போச்சு. அந்த நிறுவனத்தோட ஃபாரத்துல வீட்டுல பாத்துக்கறவங்க உடம்பு எப்டி இருக்குன்னு ஒரு கட்டமே கிடையாது, நான் வாங்கி முன்னப்பின்ன பொரட்டி பாத்தேன். புது தம்பிகிட்ட சொன்னதுக்கு அப்புறம் தான் குனியாம எப்டி தள்றதுன்னு அண்ணிக்கு காட்டிக் குடுத்தாரு.

புயல் அன்னிக்கு, 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல், எங்களுக்கு மேடு, தண்ணி வரல, கரண்ட்டு தான் போச்சு. புண்ணு வராம இருக்க போட்டிருந்த ஏர் பெட்டு மோட்டார் நின்னா காத்து எறங்கி கட்டாந்தரை மாதிரி ஆயிடும்னு அப்பத்தான் ஒறைச்சுது. ராத்திரி முழுக்க நானும் அண்ணன் பையனும் மொபைல்ல அலாரம் வச்சு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ அண்ணன பொரட்டினோம். அந்தப் பையனுக்கு பதிமூணு வயசு, எடது பக்கமா திருப்பும்போது கால் நடுவுல தலகாணி வைக்கணும்னு எனக்கு அவன் தான் சொன்னான். அக்கா அவனுக்கும் சொல்லிக் குடுத்திருக்காங்க, எனக்கு தெரியவே தெரியாது.

ஊரு? ஊரும் கலவை தான். டீக்கடைல கடைக்காரரு தானா ஒரு பலகைய சாச்சு வச்சாரு. ஆனா அண்ணன் போனா உச்சு கொட்டற கூட்டமும் அங்கயே தான் உக்காந்திருக்கும். ரேஷன் கடைக்கு சாய்தளம் கேட்டு மாற்றுத்திறனாளிங்க குழுவோட போயி ஆகஸ்ட் 15 கிராம சபைல பேசினாரு, எழுதி வச்சுக்கிட்டாங்க, ஒண்ணும் நடக்கல. நவம்பர் 1 கூட்டத்துல மறுபடி, ஜனவரி 26ல மறுபடி. மூணாவது தடவ அண்ணன் கைல வாங்கின மைக்க திருப்பிக் குடுக்க மாட்டேன்னுட்டாரு. இப்ப சாய்தளம் இருக்கு, கொஞ்சம் செங்குத்து தான், எங்க மாமா போட்டதில்ல.

பொழப்புக்கு மொதல்ல மெழுகுவத்தி, பினாயில் ட்ரெயினிங்னு சொன்னாங்க, எல்லா எடத்துலயும் இதே தான் சொல்றாங்க போல. அண்ணன் வேணான்னுட்டாரு. எனக்கு மரம் தெரியும், அதுல எதாவது பாருங்கன்னாரு. குழுவுல கடன் வாங்கி போன வருஷம் எட்டு மரம் குத்தகை எடுத்தாரு, இந்த சீசன் பத்தொம்போது. பசங்க மேல ஏறி காய தட்டுவாங்க, இவரு கீழ சேர்ல உக்காந்து சத்தத்த கேட்டுட்டு, அது வேணாம் இன்னும் நாலு நாளு, அந்த வலப்பக்கத்து காய எறக்குன்னு சொல்லுவாரு. மேல போற எல்லாரும் இடுப்புல கயிறு கட்டணும், கட்டலன்னா கூலி கிடையாது. தோப்பு மணல்ல சக்கரம் பொதையுது, அதுக்கு மட்டும் இன்னும் வழி கண்டுபிடிக்கல, சாக்கு விரிச்சு விரிச்சு தான் தள்றோம்.

உங்க வீட்டுக்கு இப்டி ஆள் வந்தா மொத நாளே ரெண்டு விஷயம் கேட்டுடுங்க, இந்த ப்ராஜெக்ட் எந்த மாசத்தோட முடியுது, நீங்க வரலன்னா நாங்க யாருக்கு ஃபோன் பண்றது. கூச்சப்படாதீங்க. இப்ப அரசாங்கமே உலக வங்கி உதவியோட உரிமைகள் திட்டம்னு கொண்டு வந்து விழுதுகள்ங்கற பேர்ல சேவை மையம் திறக்கறாங்க, உங்களுக்கு எது பக்கம்னு கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல விசாரிங்க.

பக்கத்துல சக்கரம் வச்ச ஸ்கூட்டருக்கு எழுதிப் போட்டிருக்கோம், இன்னும் வரல. வந்ததும் இங்கயே எழுதறேன். பழைய அக்கா இப்ப கடலூர்ல ஒரு துணிக்கடைல வேல பாக்கறாங்க, பலாப்பழம் ஒண்ணு எடுத்துட்டு போயி குடுத்துட்டு வந்தோம், அண்ணனே தட்டிப் பாத்து எடுத்தது.